நாலு மில்லிமீட்டர் ஒட்டு

கண்ணாடிப் பெட்டியின் மூடியைப் பன்னீர் அண்ணனே தூக்கி மேசைமேல் வைத்தார். பிறகு வலது கை ஆட்காட்டி விரலை விமானத்தின் இடப்பக்கத்தில் வைத்து, வாலிலிருந்து முன்னோக்கி மெதுவாக நகர்த்தினார்.

அன்று அவருக்கு எழுபது வயது நிறைந்த நாள். மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி எங்கள் பக்கம் ஓடத் தொடங்கியிருந்த காலம். டோல்கேட்டுக்குப் பக்கத்தில், அவர் மகள் வீட்டு மாடிக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். பிரியாணி அண்டாவை இன்னும் திறக்கவில்லை. அதன் மூடி விளிம்பில் ஒட்டியிருந்த மாவு வெந்த வாசனை கூடம் முழுக்க இருந்தது.

பெட்டிக்குள் இருந்தது ஒரு டகோட்டா. விமானப்படையில் அந்தக் காலத்தில் சரக்கும் ஆளும் ஏற்றிச் சென்ற இரட்டை எஞ்சின் விமானம். அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுக்கு, தனித்தனிப் பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட் ஒன்றிலிருந்து நான் எட்டு மாதம் உட்கார்ந்து செய்தது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அவர் விரல் சரக்குக் கதவுக்குக் கீழே வந்து நின்றது. பின்னால் போனது. திரும்பவும் முன்னால் வந்தது. நான் ஊசி முனையால் ஒவ்வொன்றாக வைத்திருந்த ரிவிட் புள்ளிகள் அந்தத் தடித்த நகம் பட்டு உதிர்ந்துவிடுமோ என்று எனக்குப் பதறியது. அந்த நேரத்தில் என் கவலை அதுவாக இருந்தது என்று எழுதவே இப்போது கூசுகிறது.

"நைனா, ஒட்டு எங்க?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. இரண்டு வாரமாக என் செல்போனில் வைத்துக்கொண்டு, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஒரு முளையும் ஓர் ஓட்டையும்

அந்தப் பதிலுக்குப் போவதற்கு முன் என் கிறுக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பர்மா பஜாரில் ஒரு கடையில் என் முதல் விமான கிட்டை வாங்கினேன். அட்டைப் பெட்டி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ராயபுரத்து வீட்டில், அம்மா வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், ஒரே உட்காரலில் ஒட்டி முடித்தேன். முடித்ததும் எனக்கு வந்தது ஏமாற்றம்தான். விமானி உட்காரும் இடத்தில் ஓர் ஓட்டையும், பொம்மையைச் செருக ஒரு முளையும் மட்டும் இருந்தன. இருக்கை இல்லை, மீட்டர் பலகை இல்லை, ஒரு கம்பி கிடையாது. இதை எப்படி ஓட்டுவான் என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

அதிலிருந்து பிடித்தது. கிட்டில் இல்லாததைக் கையால் செய்து சேர்ப்பது. மாத்திரை அட்டையின் பின்பக்கத்து வெள்ளித்தாள் சீட் பெல்ட் பக்கிள் ஆகும். பழைய டெலிபோன் ஒயருக்குள் இருக்கும் செம்பு இழை பிரேக் குழாய் ஆகும். கிட்டின் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய நூலாக நீளும். அதுதான் ஆண்டெனா கம்பி. வெந்நீரில் முக்கும் டீ பையின் தாள், வர்ணம் பூசினால் அசல் கித்தான் மாதிரியே இருக்கும். எங்கள் வீட்டில் யாரும் டீ பை வாங்குவதில்லை. அந்தத் தாளுக்காகவே, போகிற அலுவலகங்களில் எல்லாம் பிடிக்காத டீயைக் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறேன்.

என் மனைவி ரீட்டா இதற்கெல்லாம் பழகிவிட்டாள். ஆனால் அவளுடைய பிரஷர் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருந்த அன்று மட்டும், "மாத்திர எது, உளுந்து எதுன்னு தெரியாம நான் போய் சேர்ந்துட்டா, உன் பிளேன்ல வெச்சு அனுப்பிடு" என்றாள்.

மாஸ்டர் கேஜ்

இந்தத் தொடரில் இரண்டு வாரத்துக்கு முன் என் வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில், அழுத்தம் காட்டும் மீட்டர்களைச் சரிபார்க்கும் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். மாஸ்டர் கேஜ் என்று ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். மற்ற எல்லா மீட்டரையும் அதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அது சொன்னால் சரி.

ஒருமுறை பாய்லர் ஆள் ஒருவர், சத்தம் வேறு மாதிரி இருக்கிறது, மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று சண்டை பிடித்தார். இருபது வருட அனுபவம் அவருக்கு. நான் கழற்றிக்கொண்டு போய் மாஸ்டர் கேஜோடு வைத்துப் பார்த்தேன். மீட்டர் சரியாக இருந்தது. அவருடைய காதில்தான் கோளாறு. அதன் பிறகு அவர் பணிந்து போனதில் எனக்கு ஒரு வாரம் கொண்டாட்டம்.

அந்தப் புத்தியை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். விமானம் செய்வதில் எனக்கு ஒரே சட்டம். படம் இல்லாவிட்டால் ரிவிட் இல்லை. எந்த விமானத்தைச் செய்கிறேனோ, அந்த எண்ணுள்ள விமானத்தின் புகைப்படத்தில் கண்ணால் பார்க்காத ஒன்றையும் அதில் வைக்க மாட்டேன். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்கள் பாதிப் பேர் இப்படித்தான். எங்களுக்குள் சண்டை வந்தால், "படம் காட்டு" என்போம். காட்டினால் சண்டை முடிந்துவிடும்.

சப்பிய டயர்

பன்னீர் அண்ணனை முதலில் பார்த்தது எங்கள் கோயில் திருவிழாவின்போது. மண்டபத்தில் ஊர்க்காரர்களின் கைவேலைகளைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். நானும் ஆறு விமானங்களை வைத்திருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான், பறக்குமா? பறக்காது என்றதும் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள்.

கட்டம் போட்ட சட்டை போட்ட ஒருவர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"டயரு அடில லேசா சப்பிகினு கீது. லோடு எறங்கிக்கீதுன்னு காட்றியா?" என்றார்.

நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் எடையில் டயர் அடிப்பக்கம் கொஞ்சம் நசுங்கும். அது தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு டயரையும் அரத்தில் தேய்த்து, ஓரத்தைச் சூடுகாட்டிப் பிதுக்கியிருந்தேன். வருடக்கணக்காக ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

வியாசர்பாடிக்காரர். பத்தொன்பது வயதில் விமானப்படையில் சேர்ந்து, விமானத்தின் உடல் தகடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர். பென்ஷனோடு திரும்பி வந்து, துறைமுகம் பக்கம் ஒரு கிடங்கில் மேற்பார்வை பார்த்தார். மனைவி இறந்த பிறகு டோல்கேட்டில் மகள் செல்வியின் வீட்டுக்கே வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் எடுத்த எடுப்பில் என்னை நைனா என்றுதான் கூப்பிட்டார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீடு வந்து சேரும்போது, அவர் மசால் வடைப் பொட்டலத்தோடு வாசலில் நிற்பார். நான் வேலை செய்வேன், அவர் பேசுவார்.

முப்பத்தாறு ரிவிட்

எத்தனையோ விமானங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆனால் திரும்பத் திரும்ப வந்தது ஒரு டகோட்டாதான். அதன் வால் எண்ணை, நம் வீட்டுக் கதவு எண் மாதிரி சொல்வார்.

வடக்கே ஒரு விமானதளம். வெயில் காலம். ரேஷன் ஏற்றிவந்த லாரி பின்பக்கமாக வந்து, சரக்குக் கதவுக்குக் கீழே இடித்துவிட்டது. தகடு உள்வாங்கிக் கிழிந்துவிட்டது. மறுநாள் காலை அந்த விமானம் போயே ஆக வேண்டும். மூத்த ஃபிட்டர் லீவில் இருக்கிறார். அண்ணனுக்கு வயது இருபத்திரண்டு. அதுவரை மற்றவர்களுக்கு எடுபிடியாக நின்றதுதான்.

"கிய்ஞ்ச எடத்த வெட்டி எடுத்துட்டேன் நைனா. மூலைய சதுரமா வுடக் கூடாது, அங்கேர்ந்து திரும்பக் கிய்யும். ரவுண்டா தேச்சேன். மேல ஒட்டு வெச்சு ரிவிட்டு அடிக்கணும். உள்ள ஒர்த்தன் இரும்புக் கட்டிய முட்டுக் குடுத்துகினு ஒக்காந்துக்கணும். அந்தச் சூட்டுல உள்ள ஒக்காந்தவன் பாதில வெளிய வந்து வாந்தி எடுத்தான். சாயங்காலம் வெளிச்சம் போறதுக்குள்ள முப்பத்தாறு ரிவிட்டு. ஒண்ணு கூட கோணல. ஆபீசர் வந்து கட்டவெரலால தடவிப் பாத்தாரு. ஒண்ணியும் பேசல. கையெழுத்துப் போட்டுட்டுப் பூட்டாரு."

அங்கே ஒரு வழக்கமாம். ஒட்டுப் போட்டவன், அந்த விமானம் முதல் தடவை மேலே போகும்போது கூடவே ஏற வேண்டும். நீ செய்ததை நீயே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள் என்று கணக்கு. மறுநாள் காலை அவர் ஏறினார். வழியெல்லாம் உள்பக்கமிருந்து அந்த முப்பத்தாறு ரிவிட்டுகளையே பார்த்துக்கொண்டு போனாராம்.

"அது வரிக்கும் ஊர்லயும் சரி, அங்கயும் சரி, எங்கள நம்பி ஒரு வேலையக் குடுத்தவன் கிடையாது நைனா. அன்னிக்கு என் ஒட்ட நம்பி இருவது பேரு ஏறிக்கினு வந்தாங்க" என்பார்.

இதை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். அவர் பேத்தி யாழினி, அப்போது ஆறாம் வகுப்பு, என்னைவிட அதிகமாகக் கேட்டிருப்பாள். நடுவில் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் அவள் திருத்துவாளாம்.

ஒரே ஒரு விண்ணப்பம்

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு அந்த டகோட்டாவையே செய்து தருவது என்று முடிவு செய்தேன். மறைக்கவும் முடியாது, வாராவாரம் வருகிறவர். அவர் எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்.

"நீ உன் இஷ்டத்துக்குப் பண்ணு. ஒட்ட மட்டும் வுட்டுடாத. யாழினிகிட்ட சொல்லிக்கீறேன், சேவியர் தாத்தா செய்ற பிளேன்ல என் ஒட்டு வரும் பாருன்னு."

எவ்வளவு பெரியது என்று கேட்டேன். சாப்பாட்டுத் தட்டு அளவு என்று கையால் காட்டினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் விமானத்தில் அது நாலு மில்லிமீட்டர்.

அந்தச் சரக்குக் கதவை நான் திறந்தபடி வைத்தேன். கிட்டில் அது மூடியே வரும். கத்தியால் வெட்டித் திறந்து, உள்ளே சுவரோரம் டீ பைத் தாளில் கித்தான் இருக்கைகள், செம்பு இழையில் பிடிமானக் கம்பிகள் எல்லாம் செய்தேன். பார்க்கிறவர்கள் முதலில் குனிந்து பார்க்கப்போவது அந்தக் கதவுக்குள்தான். ஒட்டு வர வேண்டியது அதற்கு நேர் கீழே.

படத்துக்காக இணையத்தில் மாதக்கணக்கில் தேடினேன். அதே வால் எண்ணுள்ள விமானத்துக்கு இரண்டு படம் கிடைத்தது. ஒன்று முன்பக்கத்திலிருந்து எடுத்தது. விமானியின் தலைக்கு மேலே, கூரையில், மீன் செதில் மாதிரி ஓர் ஆண்டெனா அதில் தெளிவாகத் தெரிந்தது. அதைத் தகட்டில் வெட்டி வைத்தேன். இன்னொன்று, வேலை முடியும் தறுவாயில் கிடைத்தது. இடப்பக்கம் முழுவதும் தெரிகிற, பிசிறில்லாத கறுப்பு வெள்ளைப் படம்.

கதவுக்குக் கீழே ஒட்டு இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். தகடு வழவழவென்று இருந்தது.

அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வந்தார், வடை தின்றோம், நான் சொல்லவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். அவருடைய சொந்த விமானத்தின் படத்தையே கண்டுபிடித்துவிட்ட என் சாமர்த்தியத்தை எல்லோர் முன்னாலும் காட்ட ஆசைப்பட்டேன். ஒட்டு இல்லாவிட்டால் என்ன, இவ்வளவு துல்லியமாக இருக்கிறதே என்று அவர் மகிழ்ந்துபோவார் என்றும் மனதார நம்பினேன். அந்த அளவுக்கு முட்டாளாக இருக்க எங்களைப் போன்றவர்களால்தான் முடியும்.

கூடத்தில்

"ஒட்டு இல்லண்ணே" என்றேன். "நானும் ரொம்ப தேடினேன். இந்தாங்க, உங்க பிளேனேதான். நம்பரப் பாருங்க."

செல்போனைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். மருமகன் பிரபு அதை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"கதவுக்குக் கீழ சுத்தமா கீதே மாமா. இத்தினி வருசமா எங்க காதுல நல்லா பூ சுத்திகினு இருந்தீங்களா?"

கூடம் சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. கரண்டியோடு நின்ற செல்வியும் சிரித்தாள். "முப்பத்தாறு ரிவிட்டுன்னு எண்ணிக்கை வேற சொல்லுவியேப்பா" என்றாள்.

போன் கைமாறிக் கைமாறிச் சுற்றிவந்தது. ஒவ்வொருவரும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். யாழினி மட்டும் போனை வாங்கவில்லை. "தாத்தா, அப்போ நீ ஏறிக்கினு போனது?" என்று கேட்டாள்.

பன்னீர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நானும் சொன்னேன்.

"வயசானா ஞாபகம் அப்படித்தாண்ணே. நாளாக ஆக அதுவே ஜோடிச்சுக்கும்."

இந்தத் தொடரில் என் அசட்டுத்தனங்கள் பலவற்றை எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே எழுத முடிந்தது. இந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

"போட்டோல அப்டி கீதுன்னா அப்டித்தான் இருக்கும்" என்றார் அவர். "வேற பிளேனா இருந்திருக்கும். சரி, பசிக்குது, எலய போடுங்க."

விமானம் ரொம்ப சோக்காக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார். எனக்குத் தனியாக எலும்பு வைக்கச் சொன்னார். பெட்டியின் மூடியைத் திரும்ப வைத்தபோது பார்த்துப் பார்த்துத்தான் வைத்தார்.

ரீட்டாவும் நானும் ஷேர் ஆட்டோவில் கல்மண்டபம் வந்தோம். இறங்கியதும் கேட்டாள்.

"நாலு மில்லிமீட்டர் வெச்சா குடி முழுகிப் பூடுமா?"

"இல்லாதத எப்படி வெக்கறது?" என்றேன்.

"பிளேனு உள்ள கித்தான் சீட்டு பண்ணிக்கீறியே, அதுக்கு போட்டோ கீதா?"

அது வேறு விமானத்தின் படத்திலிருந்து எடுத்தது. டகோட்டாவில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று ஆரம்பித்தேன். அவள் கேட்காமல் முன்னால் நடந்துவிட்டாள்.

வராத ஞாயிறுகள்

அதற்குப் பிறகு அண்ணன் இரண்டு ஞாயிறு வந்தார். முட்டி வலி, தெருவில் தண்ணீர் வராதது, எண்ணூர் பக்கம் காற்றில் வரும் சாம்பல், இதையெல்லாம் பேசினார். விமானத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு வரவில்லை. போன் செய்தால், முட்டி மடக்க முடியவில்லை என்றார். எனக்கும் அதை நம்புவது வசதியாக இருந்தது.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். இதே பைத்தியம் உள்ள ஒரு நண்பர் கோயம்புத்தூரிலிருந்து, டகோட்டா படங்கள் வேண்டும் என்று கேட்டார். அனுப்புவதற்காக அந்த இரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

முன்பக்கத்துப் படத்தில் கூரையில் மீன் செதில் ஆண்டெனா இருந்தது. இடப்பக்கத்துப் படத்தில் அது இல்லை.

இந்த வகை ஆண்டெனா பிற்காலத்து ரேடியோக்களோடு வந்தது. அதைப் பிறகுதான் பொருத்தியிருக்கிறார்கள். அப்படியானால் இடப்பக்கத்துப் படம் பழையது. லாரி இடிப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே எடுத்ததாக இருக்கலாம். அதில் ஒட்டு எப்படி இருக்கும்?

ஒரு விமானம் இருபது முப்பது வருடம் உழைக்கிறது. இடிபடுகிறது, பழுது பார்க்கிறார்கள், வர்ணம் மாற்றுகிறார்கள். எங்களுக்கு மட்டும் அது ஒரு புகைப்படத்தில் நின்ற விமானம். நான் ஒரு படத்திலிருந்து தலையையும் இன்னொரு படத்திலிருந்து உடம்பையும் எடுத்து ஒட்டியிருந்தேன். பழைய தகடும் புதிய ஆண்டெனாவுமாக நான் செய்து கொடுத்த அந்த டகோட்டா, எந்த நாளிலும் எந்த மைதானத்திலும் நின்றதே இல்லை. அந்த ஆண்டெனாவை வெட்டி ஒட்டியது என் கை. இடப்பக்கத்துப் படத்தில் அது இல்லையே என்று கேட்காமல் விட்டதும் நான்தான்.

டோல்கேட்டுக்கு

மறுநாள் சாயங்காலமே மெட்ரோ ஏறிப் போனேன். பாக்கெட்டில் ஒரு டப்பாவில், மாத்திரை அட்டைத் தாளில் வெட்டிய ஒட்டு. நாலு மில்லிமீட்டர், மூலைகள் ரவுண்டாக, சுற்றிலும் முப்பத்தாறு புள்ளி. லென்ஸ் வைத்து எண்ணியிருந்தேன்.

வீட்டில் அவரும் யாழினியும்தான் இருந்தார்கள். அவள் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள். டகோட்டா டிவிக்கு மேலே தட்டில் இருந்தது. பெட்டியில் தூசு இல்லை, யாரோ துடைக்கிறார்கள். விமானத்தின் வலப்பக்கம் கூடத்தைப் பார்த்திருந்தது. திறந்த கதவு சுவர்ப் பக்கம்.

இரண்டு படங்களையும் காட்டி, ஆண்டெனா விஷயத்தைச் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது என்றேன். டப்பாவைத் திறந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் துணுக்கை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூலையெல்லாம் கரெக்டா ரவுண்டு அடிச்சுக்கீற" என்றார்.

"இப்பவே ஒட்டிடறேண்ணே. அஞ்சு நிமிசம்."

"வேணாம்."

"பிரபு தம்பி வந்ததும் நானே சொல்றேன். செல்விகிட்டயும் சொல்றேன்."

"வேணாம் நைனா. இப்ப நீ வந்து சொன்னா, நான் உன்ன கெஞ்சிக் கூட்டாந்து சொல்ல வெச்ச மாரி ஆவும்."

உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஸ்கூல்ல வூட்ல இருக்கற பெரியவங்களப் பத்தி எழுதச் சொன்னாங்களாம். ஒட்டு கதைய எழுதட்டுமா தாத்தான்னு வந்து கேட்டுச்சு. அது சும்மா உனுக்கோசரம் சொன்ன கதம்மா, எழுதாதன்னு சொல்ட்டேன். இன்னா பண்றது? நெசம்னு சொன்னா கொழந்த எல்லார் எதிர்லயும் பேஜாரு படும். இப்ப போய் இல்லம்மா, நெசந்தான்னு சொல்லச் சொல்றியா? எதத்தான் நம்பும் அது?"

டப்பாவை மூடினேன், திறந்தேன், மூடினேன்.

அவரே கேட்டார். "ஆமா, ஒட்டு இருந்துச்சுன்னு காட்ற போட்டோ உங்கிட்ட கீதா?"

"இல்லண்ணே."

"அப்பறம் இன்னாத்த வெச்சு இப்ப இருந்துச்சுன்ற?"

"நீங்க சொன்னீங்களேண்ணே."

அவர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இத அன்னிக்கு சொல்லியிருக்கலாமே நைனா."